சீஃப் மேட் பிரமோஷனா, ரொட்டேஷன் கப்பலா, கரையா? குடும்பஸ்தர்கள் சொல்லுங்கள்

நடுக்கடல்வாசி:
வணக்கம். பல்க் கேரியர்ல (தானியம், நிலக்கரி மாதிரி சரக்கை மொத்தமா ஏத்துற கப்பல்) செகண்ட் மேட்டா இருக்கேன். அடுத்த ராங்க்கான சீஃப் மேட் (கேப்டனுக்கு அடுத்த டெக் ஆபீசர்) சர்டிஃபிகேட் கைக்கு வந்தாச்சு. கம்பெனி அடுத்த காண்ட்ராக்ட்லயே பிரமோஷன் தர்றேங்குது. ஆறு மாசம், முன்னப்பின்ன ஒரு மாசம். இன்னொரு பக்கம் ஆஃப்ஷோர்ல (கடல்ல எண்ணெய் எடுக்கிற துறைக்கான கப்பல்கள்ல) இருக்கிற பேட்ச்மேட் ஒருத்தன் கூப்பிடுறான்: ரொட்டேஷன் முறை, அஞ்சு வாரம் கப்பல், அஞ்சு வாரம் வீடு. ஆனா ராங்க் குறையும், டி.பி. (டைனமிக் பொசிஷனிங், நங்கூரம் போடாம கப்பலை ஒரே இடத்துல நிறுத்துற முறை) ட்ரெய்னியா அடியிலேர்ந்து ஆரம்பிக்கணும். மூணாவது வழி, கடலையே விட்டுட்டு கரையில ஏதாவது பார்க்கிறது.

மனைவியும் வேலைக்குப் போறாங்க. குழந்தைக்கு ரெண்டு வயசு. அவங்ககிட்ட கேட்டேன். "எதை வேணா எடுத்துக்கோ, உங்களுக்காகத்தான் எடுத்தேன்னு மட்டும் பின்னாடி சொல்லிக் காட்டாதே"ன்னுட்டாங்க. அதுக்கப்புறம் எனக்குத் தூக்கம் சரியா இல்லை.

சம்பளக் கணக்கை நானே போட்டுக்கிட்டேன், அது வேண்டாம். குடும்பத்தோட இந்த வேலையை ஓட்டினவங்க, ஓட்ட முடியாம விட்டவங்க, உள்ளது உள்ளபடி சொல்லுங்க.

பழைய_சீஃப்:
தம்பி, மூணு வழியையும் உன் பக்கத்துலேர்ந்து எழுதியிருக்கே. வீட்டுப் பக்கத்துலேர்ந்து பார்த்தா கேள்வி ரெண்டுதான். எத்தனை நாள் இருக்க மாட்டே? எப்ப வருவேன்னு சொல்றியே, அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? இதுல ரெண்டாவதுதான் ஆளைக் கரைக்கும்.

ஆறு மாசத்தைக் குடும்பம் தாங்கிடும். ஆறாவது மாசக் கடைசியில "உனக்குப் பதிலா வர வேண்டிய ரிலீவருக்கு மெடிக்கல் ஃபெயில், அடுத்த போர்ட்ல பார்க்கலாம்"னு ஒரு மெயில் வரும் பாரு, அதைத் தாங்காது. அடுத்த போர்ட்ல விசா கிடைக்காது. அதுக்கடுத்த போர்ட்டை, கப்பலை வாடகைக்கு எடுத்த சார்ட்டரர் மாத்திடுவான். நான் ஒரு வழக்கம் வெச்சிருந்தேன்: வீட்ல தேதியே சொல்றதில்லை, மாசம் மட்டும்தான். டிக்கெட் மெயில்ல வந்த பிறகு மனைவிக்குத் தேதி. விமானம் ஏறின பிறகு பிள்ளைங்களுக்கு.

சட்டப்படி ஒரு கூரை இருக்கு. எம்.எல்.சி. 2006ங்கிற, மாலுமிகளோட வேலை உரிமைக்கான சர்வதேச உடன்படிக்கைப்படி விடுப்பு இல்லாம ஒருத்தரைத் தொடர்ந்து கப்பல்ல வெச்சிருக்க வரம்பு 11 மாசம். மாசத்துக்கு ரெண்டரை நாள் சம்பள விடுப்புன்னு கணக்கு, ஊர் திரும்புற செலவு கப்பல் முதலாளியோடது. ஆனா 2020 கடைசியில கொரோனாவால ஏறக்குறைய 4 லட்சம் பேர் காண்ட்ராக்ட் முடிஞ்சும் இறங்க முடியாம கப்பல்லயே கிடந்தாங்க. துறைமுகமே கதவைச் சாத்தினா உடன்படிக்கை என்ன பண்ணும்?

அதனால கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்துக்கு முன்னாடி அங்க வேலை செய்யறவங்ககிட்ட ஒரே கேள்வி கேளு: "ரிலீஃப் சொன்ன மாசத்துல வருதா?"

கரையில்_ஒருத்தி:
நான் கப்பலில் போகிறவள் இல்லை, போகிறவரின் மனைவி. எங்கள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரிந்திருப்பது கஷ்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது தெரிந்த கஷ்டம், அதற்குப் பழகிவிடுவோம். யாரும் சொல்லாதது, அவர் திரும்பி வரும் முதல் இரண்டு வாரம். அவர் இல்லாத மாதங்களில் வீட்டுக்கு என்று ஓர் ஓட்டம் வந்துவிடும். யார் எப்போது எழுவது, குழந்தையை யார் விடுவது, எந்தச் செலவுக்கு யாரிடம் கேட்பது, எதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி விடுவது, எல்லாம் பேசாமலேயே முடிவாகியிருக்கும். அதற்குள் ஒருவர் வந்து நிற்பார், எல்லோருக்கும் பிரியமானவர், ஆனால் இந்த ஓட்டத்தில் இடமில்லாதவர்.

என் கணவர் ஆரம்ப காலத்தில் காண்ட்ராக்ட் முடிந்து சைன் ஆஃப் ஆகி வந்த மறுநாளே வீட்டுக்குள் சேஃப்டி ரவுண்ட்ஸ் போவார். இந்தக் குழாய் ஏன் சொட்டுகிறது, இந்த ரசீது ஏன் இங்கே கிடக்கிறது, பையன் ஏன் இன்னும் தூங்கவில்லை. அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கப்பலில் அவர் பேச்சுக்கு முப்பது வினாடியில் காரியம் நடக்கும். வீட்டில் நான் ஒருத்தி, எனக்கு அவர் பாஸ் இல்லை.

பல சண்டைகளுக்குப் பிறகு எங்களுக்குள் ஓர் ஏற்பாடு வந்தது. முதல் இரண்டு வாரம் அவர் எதையும் மாற்றக் கூடாது, கேள்வி கேட்கலாம். மூன்றாவது வாரத்திலிருந்து சில வேலைகள் முழுக்க அவருடையவை, நான் தலையிட மாட்டேன். "உதவி" என்ற கணக்கில் இல்லை, பொறுப்பாகவே. ஆசிரியரைப் பார்ப்பதும் பல் மருத்துவரிடம் போவதும் அப்படித்தான் அவரிடம் போயின. திரும்பப் போவதற்கு ஒரு வாரம் முன்னால் அவற்றை என்னிடம் ஒப்படைக்க வேண்டும். கப்பலில் ஹேண்ட்ஓவர் நோட்ஸ் எழுதுகிறவருக்கு இது புரியாதா என்ன? ஒரு தாளில் எழுதியே கொடுப்பார்.

திரும்பிப் போவதற்கு முந்தைய பத்து நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்போது ஒன்றுமில்லாததற்குச் சண்டை வரும். பிரியப் போகிறோம் என்று உள்ளுக்குள் இருவரும் விலக ஆரம்பிப்பதால் வருகிற சண்டை அது. அந்த நாட்களில் பேசியவற்றை வைத்து யாரும் எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

உங்கள் மனைவி கேட்டது சரியான விஷயம். "எல்லாம் உங்களுக்காகத்தான்" என்ற வாக்கியத்துக்கு வீட்டில் இருப்பவளால் பதிலே சொல்ல முடியாது. எங்களில் சிலருக்காவது, அவருக்குக் கடல் பிடித்திருக்கிறது என்று அவரே நேராகச் சொல்லிவிட்டால் போதும், பாதி பாரம் இறங்கிவிடும்.

டெக்_பையன்:
அக்கா எழுதினது அத்தனையும் நிஜம். ஆனா இது ஆபீசர் வீட்டுக் கதை. நான் ஏ.பி., ஆபீசர் இல்லாத டெக் மாலுமி. எங்களுக்கு ஒன்பது மாச காண்ட்ராக்ட். அஞ்சு வாரம் அஞ்சு வாரம்னு எங்களை யாரும் கூப்பிடறதில்ல.

இன்னொண்ணு, எங்கள்ல நிறைய பேருக்குக் கப்பல்ல இருந்தாதான் சம்பளம். லீவுக் காசு இறங்கும்போதே செட்டில் ஆகிடும், அதுக்கப்புறம் ஒண்ணும் வராது. முதல் மாசம் வீடே கொண்டாடும். ரெண்டாவது மாசம் நல்லாத்தான் போகும். மூணாவது மாசம் போன் அடிச்சாலே எல்லார் முகமும் என் பக்கம் திரும்பும், கப்பலுக்கு ஆள் அனுப்புற மேனிங் ஆபீசா இருக்குமோன்னு. "எப்ப ஜாயினிங்?"னு வீட்ல கேட்டா போகச் சொல்றாங்களா, இருக்கச் சொல்றாங்களான்னே புரியாது.

நான் கண்டுபிடிச்ச ஒரே வழி, அலாட்மெண்டை (கப்பல்ல இருக்கும்போது வீட்டுக்குப் போற சம்பளப் பங்கை) முழுசா வீட்டுக்கு அனுப்பாம ஒரு பங்கைத் தனியா ஒதுக்கி, லீவுல அதையே சம்பளம் மாதிரி மாசாமாசம் வீட்டுக்குக் கொடுக்கிறது. சம்பளத்துல எவ்வளவு பங்கு யார் கணக்குக்குப் போகணும்னு நாமதான் எழுதிக் கொடுக்கறோம், அது எம்.எல்.சி.லயே இருக்கிற உரிமை. ஒரே கணக்குக்குத்தான் அனுப்பணும்னு இல்ல. ரெண்டாப் பிரிச்சு அனுப்ப முடியுமான்னு கேப்டன்கிட்ட கேளுங்க.

கரையில்_ஒருத்தி:
டெக்_பையன், நீங்கள் சொல்வது எனக்குத் தோன்றவே இல்லை. காசு தீர்ந்துபோகும் கவலை இல்லாத வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன் என்பது சரி.

ஸ்பேனர்_நாயகன்:
நான் மூணாவது இன்ஜினியர், கல்யாணம் ஆகி கொஞ்ச நாள்தான். பெரியவங்க காலம் மாதிரி இப்ப இல்லைங்க. எங்க கப்பல்ல ஸ்டார்லிங்க் சாட்டிலைட் இன்டர்நெட் இருக்கு. தினமும் வீடியோ கால். மனைவி ஆபீஸ் போறதுக்கு முன்னாடி பேசுவேன், வந்த பிறகும் பேசுவேன். எம்.எல்.சி.யில 2022ல சேர்த்த திருத்தம் 2024 டிசம்பர்லேர்ந்து அமல். முடிஞ்ச அளவு கப்பல்ல இன்டர்நெட் தரணும், காசு வாங்கினாலும் நியாயமா வாங்கணும்னு இருக்கு. போர்ட் பார்த்து போன்கார்டு வாங்கி வரிசையில நின்ன கதையெல்லாம் இனிமே எதுக்கு?

பழைய_சீஃப்:
சந்தோஷம் தம்பி. ஒண்ணு கேக்கறேன். 24 மணி நேரத்துல குறைஞ்சது 10 மணி நேரம் ஓய்வு, அதை ரெண்டு துண்டுக்கு மேல பிரிக்கக் கூடாது, ஒரு துண்டு 6 மணி நேரமாவது இருக்கணும். வாரத்துக்கு 77 மணி நேரம். இதை ரெஸ்ட் ஹவர் ஷீட்ல நீயும்தான் நிரப்புறே. அந்த ஓய்வுல எத்தனை மணி நேரம் போன்ல போகுது?

எங்க காலத்துல வீட்ல ஒரு பிரச்சனைன்னா எனக்குத் தெரியறதுக்குள்ள அது தீர்ந்தே போயிருக்கும். இப்ப பசங்களுக்கு நேரலையில தெரியுது. பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டு ஓனரோட சண்டை, அம்மாவுக்கும் மனைவிக்கும் உரசல். எல்லாத்தையும் பார்க்கலாம், ஒண்ணையும் தொட முடியாது. அதோட போய் எண்ணெயைச் சுத்தம் பண்ற பியூரிஃபையரைத் திறக்கிறான். எனக்கு அந்தப் பையன்மேல கோபம் வராது, பயம் வரும்.

ஸ்பேனர்_நாயகன்:
அதுக்காகத் தெரியாமலே இருக்கிறது நல்லதுன்னு சொல்றீங்களா சீஃப்? உங்க வீட்ல அந்தப் பிரச்சனையைத் தனியாத் தீர்த்தது யாரு?

பழைய_சீஃப்:
என் மனைவிதான். அந்தக் கேள்வி நியாயம், வாங்கிக்கிறேன்.

கரையில்_ஒருத்தி:
நடுவில் வருகிறேன். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதைப் போகும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் உயிர் சம்பந்தப்பட்டது, பெரிய பணம் சம்பந்தப்பட்டது இரண்டும் உடனே. மற்றவை தீர்ந்த பிறகு. அவர் வாட்ச் பணிக்குப் போகும் முன் எதுவும் இல்லை, வாட்ச் முடித்துத் தூங்கி எழுந்த பிறகுதான். இதில் அவருக்கும் பங்கு உண்டு: கப்பலில் யாருக்காவது அடிபட்டாலும், புயலில் மாட்டினாலும் மறைக்கக் கூடாது. ஒருமுறை மூன்று நாள் அவரிடமிருந்து தகவலே இல்லை, கப்பலில் ஆன்டெனா பழுது என்று பிறகுதான் தெரிந்தது. தினமும் பேசிப் பழகிய வீட்டில் மூன்று நாள் மௌனம் எப்படி இருக்கும் என்று புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் யோசித்து வையுங்கள். எத்தனை நாள் வரை கவலைப்பட வேண்டாம், அதற்குப் பிறகு கம்பெனியில் யாருக்குப் பேசுவது, இரண்டையும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

இன்னொரு விஷயம். தினமும் முகம் பார்த்து "அப்புறம்?" "அப்புறம் நீ சொல்லு" என்று அரை மணி நேரம் ஓட்டுவதைவிட, பையனின் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை அவருக்குப் படமெடுத்து அனுப்பி, அவர் ஓய்வில் பார்த்துப் பதில் அனுப்பியது எங்களுக்கு அதிகம் உதவியது. நேரம் ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை. கப்பல் கிழக்கே போகும்போது கடிகாரத்தை ராத்திரிக்கு ஒரு மணி நேரமாக முன்னே தள்ளிக்கொண்டே போவார்கள். இன்று ஒத்துவந்த நேரம் அடுத்த வாரம் ஒத்துவராது.

திசைகாட்டி_பெண்:
இந்த இழையில் இதுவரை எல்லோரும் "மாலுமி = கணவன், கரை = மனைவி" என்றே பேசியிருக்கிறீர்கள். நான் மூன்றாவது மேட். மாலுமிகளில் பெண்கள் மிகக் குறைவு, 2021ல் வந்த கணக்கெடுப்புப்படி நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. ஆனால் இருக்கிறோம்.

ஆண்களிடம் "குடும்பத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். என்னிடம் "எப்போது விடப் போகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். நடைமுறைச் சிக்கல் உண்மையிலேயே இருக்கிறது. குழந்தை என்றால் மெடிக்கல் ஃபிட்னெஸ் நின்றுவிடும், ஒன்றிரண்டு வருடமாவது கடல் அனுபவத்தில் இடைவெளி விழும். அதற்காகச் சர்டிஃபிகேட் செத்துவிடும் என்று பயப்படுகிற தோழிகளுக்காகச் சொல்கிறேன்: எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற, மாலுமிகளின் பயிற்சிக்கும் சர்டிஃபிகேட்டுக்குமான சர்வதேச விதிப்படி ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அந்த ஐந்து வருடத்துக்குள் மொத்தம் 12 மாதக் கடல் சேவை இருந்தால் போதும். அது இல்லையென்றால் புதுப்பிப்பதற்கு முந்தைய ஆறு மாதத்தில் மூன்று மாதம். சமமான கரைவேலையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வழி உண்டு, எந்த வேலை சமம் என்பதைச் சர்டிஃபிகேட் கொடுத்த நிர்வாகம்தான் முடிவு செய்யும். ஆக, ஐந்து வருடத்தில் நாலு வருடம் நீங்கள் கரையில் இருந்தாலும் சர்டிஃபிகேட் உயிரோடு இருக்கும். நடுக்கடல்வாசிக்கும் இது பொருந்தும். "கடலை விடுவது" என்பதை ஒரே நாளில் வெட்டுகிற முடிவாகப் பார்க்க வேண்டியதில்லை.

சூப்பரிண்டெண்டென்ட்_கரையில்:
கரையில வேலைன்னா சாயங்காலம் ஆறு மணிக்கு வீடுன்னு நினைக்கிறவங்களுக்கு என் போனை ஒரு வாரம் கொடுத்துப் பார்க்கணும். நான் டெக்னிக்கல் சூப்பரிண்டெண்டென்ட், கப்பல்களோட பராமரிப்பைக் கரையிலேர்ந்து பார்க்கிறவன். என் கப்பல்கள் வேற வேற நேர மண்டலத்துல ஓடுது. எனக்கு நடுராத்திரியா இருக்கும்போது எங்கயோ ஒரு ஜெனரேட்டர் நின்னுருக்கும். கப்பலைப் பழுதுபார்க்கிற ட்ரைடாக் வந்தா வாரக்கணக்குல வெளியூர். ஒரு வித்தியாசம் உண்டு: கப்பல்ல இருக்கும்போது "அப்பா கப்பல்ல இருக்கார்"னு வீட்டுக்கு ஒரு நியாயம் இருந்துச்சு. இப்ப பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டே இல்லாம இருக்கேன். அதுக்கு மன்னிப்பு கிடையாது.

கரையிலயும் வகை உண்டு. கிளாஸ் சர்வேயர், வெட்டிங் இன்ஸ்பெக்டர் ரெண்டும் கப்பல் கப்பலா போய்ப் பரிசோதிக்கிற, சுத்துற வேலை. ஹார்பர் பைலட் (துறைமுகத்துக்குள்ள கப்பலுக்கு வழிகாட்டுறவர்) ஷிப்ட் வேலை, வீடு பக்கத்துலயே இருக்கும், ஆனா பல இடத்துல மாஸ்டர் (கேப்டன்) சர்டிஃபிகேட் கேப்பாங்க, காலியிடமும் கம்மி. உண்மையிலேயே வீட்டோட இருக்கணும்னா மாரிடைம் காலேஜ்ல சொல்லிக் கொடுக்கிறது, சிமுலேட்டர் ட்ரெய்னிங் மாதிரி வேலைதான். செகண்ட் மேட் அனுபவத்தோட மட்டும் கரைக்கு வந்தா எந்தக் கதவும் பாதிதான் திறக்கும். சீஃப் மேட்டா கொஞ்ச காலம் ஓடிட்டு வா. இது என் அபிப்பிராயம், வேற மாதிரி சொல்றவங்களும் இருப்பாங்க.

மாலுமி_மகன்:
அப்பா ரேடியோ ஆபீசர். நான் கடலுக்குப் போகலை. அவர் இல்லாதது எனக்குப் பெரிய குறையா இருந்ததில்லை, அது எங்களுக்குச் சாதாரணம். அவர் வந்தா வீடே திருவிழாவா மாறுமே, அதுதான் பிடிக்காது. தினமும் வெளியே போகணும், எல்லாரும் சந்தோஷமா இருந்தே ஆகணும். அவர் எதிர்ல நான் ஒருநாள்கூட மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க முடியாது. சும்மா சோபால உட்கார்ந்து பேப்பர் படிக்கிற அப்பாவா அவர் இருந்திருக்கலாம். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

நடுக்கடல்வாசி:
எல்லாருக்கும் நன்றி. முக்கியமா கரையில்_ஒருத்தி அக்காவுக்கு. உங்க பதிவை மனைவிகிட்ட படிச்சுக் காட்டினேன், "ஹேண்ட்ஓவர் நோட்ஸ்" வந்ததும் சிரிச்சுட்டாங்க.

ஒரு சந்தேகம். சீஃப் மேட் ஆனா குடும்பத்தைக் கப்பலுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு கம்பெனி சொல்லுது. ரெண்டு வயசுக் குழந்தையோட சரிப்படுமா?

பழைய_சீஃப்:
கூட்டிட்டுப் போறது நல்ல அனுபவம், ஆனா அதை நம்பிப் பிரமோஷனை எடுக்காதே. குழந்தைக்குக் குறைஞ்சபட்ச வயசு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ரெண்டு வயசை நிறைய இடத்துல ஏத்தவே மாட்டாங்க. மெடிக்கல், விசா, போற வழியைப் பொறுத்து மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, இன்ஷூரன்ஸ். இதெல்லாம் முடிஞ்சாலும் லைஃப்போட்ல இடம் இருக்கணும். கப்பலோட சேஃப்டி சர்டிஃபிகேட்ல எத்தனை பேருக்குப் போட்டிருக்கோ அதுக்கு மேல ஒரு தலைகூட ஏற முடியாது. ட்ரெய்னிங் கேடட்டுங்க ரெண்டு பேர் வந்தா உன் குடும்பத்தோட இடம்தான் முதல்ல பறிபோகும்.

அதோட சீஃப் மேட்டைப் போர்ட்ல யார் பார்த்தா? கடல்ல நாலு-எட்டு வாட்ச் (நாலு மணியிலேர்ந்து எட்டு மணி வரை) காலையும் சாயங்காலமும், போர்ட்ல முழுக்க கார்கோ. அவங்க கேபின் ஜன்னல்லேர்ந்து கிரேனைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. குழந்தை கொஞ்சம் பெரியவனாகட்டும், பல்க்கர்ல நங்கூரம் போட்டு ஆங்கரேஜ்ல நாள் கணக்கா கிடக்கிற ட்ரிப்பா பார்த்துக் கூப்பிடு.

டி.பி._டெஸ்க்:
ஆஃப்ஷோர் பத்தி யாரும் சொல்லாததால ரெண்டு வரி. ரொட்டேஷன்ல தேதி பெரும்பாலும் நம்பலாம், அதுதான் அதோட பெரிய வசதி. வீட்ல காலண்டர்ல கலர் அடிச்சு மாட்டலாம். ஆனா டி.பி. சர்டிஃபிகேட் ஒரே கோர்ஸ்ல வராது. இண்டக்ஷன் கோர்ஸ், பிறகு டி.பி. கப்பல்ல லாக்புக்ல பதிஞ்ச கடல் நாட்கள், பிறகு சிமுலேட்டர் கோர்ஸ், மறுபடி கடல் நாட்கள். அதுவரை ட்ரெய்னி இடம் யார் தர்றாங்கன்னு உறுதி பண்ணாம வேலையை விடாதீங்க. எண்ணெய் விலை விழுந்தா முதல்ல ஆள் குறைக்கிறதும் எங்க துறைதான். 2014க்குப் பிறகு விலை சரிஞ்சப்போ எவ்வளவு ஆஃப்ஷோர் கப்பல் கட்டிப்போட்டாங்கன்னு அப்ப இருந்தவங்களுக்குத் தெரியும்.

அஞ்சு வாரம் வீட்ல இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. அக்கா சொன்ன முதல் ரெண்டு வாரமும் கடைசி பத்து நாளும் இதுக்குள்ளயும் வரும். நடுவுல மிஞ்சுறது கொஞ்சம்தான். ஆனா அடிக்கடி வர்றதால பழக்கமாகி, அந்த முனைகள் கொஞ்சம் கொஞ்சமா சுருங்கும். எங்க வீட்ல சுருங்கிச்சு.

நடுக்கடல்வாசி:
அப்டேட். ராத்திரி ரொம்ப நேரம் பேசினோம். எனக்குக் கடல் பிடிச்சிருக்குன்னு நேராவே சொல்லிட்டேன். "அது எனக்கு எப்பவோ தெரியும், உனக்குத் தெரியுமான்னுதான் காத்துக்கிட்டிருந்தேன்"னாங்க. சீஃப் மேட்டாவே போறேன், ஆனா ஆறு மாசத்துக்கு இல்லை. நாலு மாசம் கேட்டு கம்பெனிக்கு மெயில் போட்டேன். "நாலு, முன்னப்பின்ன ஒண்ணு"ன்னு பதில் வந்துருக்கு. மனைவி கேக்கறாங்க, அந்த ஒண்ணு எந்தப் பக்கம் விழும்னு.

டெக்_பையன்:
பின்னப் பக்கம்தான் அண்ணா. முன்னப் பக்கம் விழுந்து நான் பார்த்ததே இல்ல.

சூப்பரிண்டெண்டென்ட்_கரையில்:
"இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்"னு அந்த வரியில சேர்த்துத் தரச் சொல்லு. ஆபீசர் தட்டுப்பாடு இருக்கிற நேரத்துல கேட்டா சேர்ப்பாங்க. வீட்ல அவசரம்னா நோட்டீஸ் காலம் இல்லாம, அபராதம் இல்லாம இறங்குறதைப் பத்தி காண்ட்ராக்ட்ல என்ன இருக்குன்னும் கையெழுத்துக்கு முன்னாடி படி. குடும்ப அவசரத்தைக் கணக்குல எடுக்கணும்னு எம்.எல்.சி. சொல்லுது. ஆனா கப்பல் நடுக்கடல்ல இருந்தா அடுத்த போர்ட் வர்றவரைக்கும் எந்தத் தாளும் உதவாது, அதையும் மனைவிகிட்ட இப்பவே சொல்லிடு.

கரையில்_ஒருத்தி:
வங்கி, வீடு, பள்ளி சம்பந்தப்பட்ட எதெல்லாம் உங்கள் கையெழுத்து இல்லாமல் நகராது என்று இருவரும் சேர்ந்து ஒரு பட்டியல் போடுங்கள். அவற்றுக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்துவிட்டுப் போங்கள். கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள், அந்த வாரத்தில் நீங்கள் இருவரும் எதற்கும் ஒத்துப்போக மாட்டீர்கள்.

நடுக்கடல்வாசி:
பட்டியல் ஆரம்பிச்சாச்சு. முதல் வரியே வீட்டுக் கடன், ரெண்டு பேர் கையெழுத்தும் வேணுமாம். நாளைக்கு வங்கிக்குப் போறோம். காண்ட்ராக்ட் திருத்தி வந்ததும் அந்த வரியை அப்படியே இங்க போடறேன், பார்த்துச் சொல்லுங்க.